நாரத்தையா, தேசிக்காயா? கல்முனைக் கரையிலிருந்து உத்ருஜ் பழம் பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

குர்ஆன் ஓதும் நம்பிக்கையாளரைப் பழம் ஒன்றுக்கு ஒப்பிடும் நபிமொழி முஸ்லிம் வாசகர்களுக்குப் புதியதல்ல. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களில் பயான்களிலும் மத்ரஸா வகுப்புகளிலும் எடுத்துச் சொல்லப்படும் உவமை அது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவித்து ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெற்ற அந்த ஹதீஸில் நான்கு தாவரங்கள் நான்கு வகை மனிதருக்கு உவமையாகின்றன. ஓதும் நம்பிக்கையாளருக்கு உத்ருஜ். அதில் மணமும் நன்று, சுவையும் நன்று. ஓதாத நம்பிக்கையாளருக்குப் பேரீச்சம்பழம்; சுவை உண்டு, மணம் இல்லை. ஓதும் நயவஞ்சகருக்கு ரைஹான் செடி. மணம் உண்டு, சுவையோ கசப்பு. ஓதாத நயவஞ்சகருக்கு ஹன்ழல் காய். மணமும் இல்லை, சுவையும் கசப்பு.

மற்ற மூன்றிலும் வாசகருக்குச் சிக்கல் இல்லை. உத்ருஜ் எந்தப் பழம் என்பதில்தான் சிக்கல். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இதைச் சில இடங்களில் சிட்ரன் என்றும் சில இடங்களில் ஆரஞ்சு என்றும் தருகின்றன. தமிழில் எலுமிச்சை என்ற பெயர்ப்பு பரவலாக உள்ளது. எலுமிச்சை என்று படித்ததும் கல்முனை வாசகரின் மனத்தில் வருவது தேசிக்காய். தேசிக்காய்க்கு மணம் உண்டு என்பதை யாரும் மறுக்கமாட்டார். பொரித்த மீனுக்கு அதைப் பிழிகிறோம், உப்பிட்டு வெயிலில் காயவைத்து ஊறுகாய் போடுகிறோம், சீனி கரைத்துக் குடிக்கிறோம். ஆனால் சுளை பிரித்துத் தின்று அதன் சுவையைப் புகழ்பவர் எவருமில்லை. மணமும் சுவையும் ஒரே பழத்தில் கூடிவந்திருப்பதே உவமையின் உயிர். தேசிக்காயில் அதன் ஒரு பாதி நின்றுபோகிறது.

உத்ருஜ் எந்தப் பழம், அதைத் தமிழில், குறிப்பாக நம் கரையோரத் தமிழில், எப்படிச் சொல்வது பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தாவரவியல், ஆங்கிலச் சொற்களின் வரலாறு, அரபு நூல்களின் சான்று, நம் ஊர்ப் பெயர்கள் ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்து விடை தேடலாம்.

2. தாவரவியல் சொல்வது

சிட்ரன் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் மரத்துக்கு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு சிட்ரஸ் மெடிக்கா என்று பெயரிட்டார். மெடிக்கா என்பதை மருத்துவம் என்று கொள்பவர்கள் பலர். உண்மையில் அது பாரசீகப் பகுதியான மீதியா நாட்டைக் குறிக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதை மீதிய அல்லது பாரசீக ஆப்பிள் என்றே விவரித்தார். அதை யாரும் தின்பதில்லை, மணம் மிகுந்தது, துணிகளுக்கிடையே வைத்தால் பூச்சி அரிக்காது, நஞ்சுக்கு முறிவாகும் என்பவை அவர் தரும் செய்திகள்.

2018இல் நேச்சர் இதழில் வெளிவந்த மரபணு ஆய்வு, நாரத்தைக் குடும்பத்தின் தாயகத்தை இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் வைக்கிறது. அசாமின் கிழக்குப் பகுதியும் வட மியன்மாரும் மேற்கு யுன்னானும் சேர்ந்த பிரதேசம் அது. இன்று நாம் தின்னும் பெரும்பாலான வகைகள் சில மூல இனங்களின் கலப்பில் பிறந்தவை. சிட்ரன், ஜம்போலா, மண்டரின் ஆகியவை அம்மூலங்களில் முதன்மையானவை. ஜம்போலாவும் மண்டரினும் கலந்து புளித்தோடை பிறந்தது. புளித்தோடையும் சிட்ரனும் கலந்து, மேற்கு நாடுகளில் லெமன் எனப்படும் மஞ்சள் பழம் பிறந்தது. நம் தேசிக்காயின் ஒரு பெற்றோர் பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த ஒரு காட்டினம், மற்றது சிட்ரன். லெமன், தேசிக்காய் இரண்டிலும் சிட்ரன் மகரந்தம் தந்த தந்தைப் பக்கமாகவே வருகிறது.

ஆகவே தேசிக்காய் சிட்ரனுக்கு அந்நியமல்ல, அதன் பிள்ளை. ஆனால் பிள்ளையும் தந்தையும் வேறு வேறு என்பதைக் கையில் எடுத்தாலே அறியலாம். தேசிக்காய்க் கிளையிலிருந்து ஓர் இலையைப் பறித்து அதன் காம்பைப் பாருங்கள். காம்பின் இருபுறமும் மெல்லிய சிறகுபோல் ஓர் ஓரம் ஓடும். காம்பு இலையோடு சேருமிடத்தில் ஒரு மூட்டு தெரியும். ஜம்போலாவில் அச்சிறகு அகன்று, பெரிய இலைக்குக் கீழே ஒரு சிற்றிலை ஒட்டியதுபோல் நிற்கும். சிட்ரன் இலையில் சிறகும் இல்லை, மூட்டும் இல்லை. காம்பு நேராக இலைக்குள் போய்விடும். பழத்தைக் குறுக்கே வெட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவு. தேசிக்காயில் தோல் தாள்போல் மெல்லியது, உள்ளே முழுதும் சாறு. சிட்ரனில் வெளித்தோலுக்கு அடியில் தடித்த வெண்சதை பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். நடுவிலுள்ள சுளை சிறியது, சாறு குறைவு. சில வகைகள் ஒரு கிலோவையும் தாண்டும். இந்த வெண்சதையே நம் கேள்விக்கு விடை தரப்போகிறது.

3. ஆங்கிலச் சொற்கள் பிரிந்துபோன வழி

சிட்ரன் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் சிட்ரஸ் என்ற இலத்தீன் சொல். ரோமர்கள் அச்சொல்லால் முதலில் குறித்தது பழத்தை அல்ல, வட ஆபிரிக்காவிலிருந்து வந்த மணமுள்ள ஒரு மரத்தை. அம்மரத்தில் செய்த மேசைகள் ரோமச் செல்வரின் பெருமைப் பொருள்கள். சிசரோ வாங்கிய மேசை ஒன்றின் விலை 5 இலட்சம் செஸ்டர்ஸ் என்று பிளினி எழுதுகிறார். அச்சொல் தேவதாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தேவதாரு மரமும் இப்பழமும் பூச்சியிலிருந்து துணிகளைக் காப்பவை என்பது பெயர் ஒன்றானதற்கு ஏற்கத்தக்க விளக்கம். இத்தாலிய மொழியில் இன்றும் தேவதாருக்கும் சிட்ரன் பழத்துக்கும் ஒரே சொல் வழங்குகிறது.

பின்னர் ஐரோப்பாவில் லெமன் பரவியபோது பெயர்கள் இடம் மாறின. பிரெஞ்சில் சித்ரோன் என்றால் லெமன். ஜெர்மனிலும் டச்சிலும் அப்படியே. உண்மையான சிட்ரனுக்குப் பிரெஞ்சுக்காரர் செத்ரா என்று வேறு பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்திலோ பழைய சொல் பழைய பழத்திடமே தங்கியது. ஆங்கிலத்தின் லெமனும் லைமும் அரபு, பாரசீகம் வழியே வந்தவை. ஆரஞ்சோ நாரங்க என்ற வடசொல்லிலிருந்து பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா சென்றது. அவ்வடசொல்லின் மூலம் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. தமிழின் நாரத்தை அதன் உறவுச் சொல்.

சிட்ரனிலிருந்து ஆங்கிலத்தில் கிளைத்த சொற்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒவ்வொரு சொல்லும் பழத்தின் ஒரே ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. சிட்ரைன் என்ற மஞ்சள் படிகக்கல் நிறத்தை எடுத்தது. சிட்ரிக் அமிலம் புளிப்பை எடுத்தது. 1784இல் ஷீலே அதை லெமன் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார், இன்றைய தொழிற்சாலைகளிலோ அது சீனிக் கரைசலில் பூஞ்சை வளர்த்துச் செய்யப்படுகிறது. சிட்ரொனெல்லா மணத்தை எடுத்தது. அது பழமே அல்ல, புல். சிங்களத்தில் பங்கிரி என்று பெயர். இலங்கையின் தென் மாகாணத்தில் வடிக்கப்பட்ட அதன் எண்ணெய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் பேர் பெற்றிருந்தது. கொசுவை விரட்ட இன்றும் அதைப் பூசுகிறோம். தியோபிராஸ்டஸ் சொன்ன பூச்சி விரட்டும் பழத்தின் பெயர் பூச்சி விரட்டும் புல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வத்தகப்பழ இனத்தின் தாவரப் பெயரான சிட்ருலஸும் இதே வேரிலிருந்து வந்தது. கசப்பான ஹன்ழல் காய் அவ்வினத்தைச் சேர்ந்தது. நபிமொழியில் ஒன்றுக்கொன்று எதிர்முனையில் நிற்கும் உத்ருஜும் ஹன்ழலும் தாவரவியல் பெயரில் ஒரே வேரைப் பகிர்கின்றன. தமிழிலும் இதுபோன்ற ஓர் ஒற்றுமை உண்டு. ஹன்ழலுக்குப் பேய்க்கொம்மட்டி என்று பெயர். மருத்துவ வழக்கில் சிட்ரனுக்குக் கொம்மட்டிமாதுளை என்று பெயர். பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பிப் பழத்தை அடையாளம் காண முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

4. அரபுச் சான்றுகள்

நபிகளார் காலத்து ஹிஜாஸில் உத்ருஜ் உண்ணப்பட்ட பழமா, வெறும் மணப்பொருளா? இதற்கு இமாம் மாலிக்கின் முவத்தா நேரடிச் சான்று தருகிறது. உஸ்மான் (ரழி) ஆட்சியில் ஒருவர் உத்ருஜ் பழம் ஒன்றைத் திருடினார். பழத்தை மதிப்பிட்டபோது, ஒரு தீனாருக்கு 12 திர்ஹம் என்ற கணக்கில் அது 3 திர்ஹம் பெறுமதி, அதாவது கால் தீனார் என்று கண்டார்கள். திருட்டுக்குரிய தண்டனை நிறைவேற்றப்பட்டது. பொன்னால் செய்த உத்ருஜ் அது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல், மக்கள் தின்னும் உத்ருஜ்தான் அது என்று மாலிக் தெளிவுபடுத்துகிறார். மதீனாவில் அப்பழம் உண்ணப்பட்டது, விலை மிகுந்திருந்தது என்ற இரண்டும் இதனால் உறுதிப்படுகின்றன. நபிமொழியைக் கேட்டவர்களுக்கு அது எட்டாத பழமல்ல, மதிப்புமிக்க பழம்.

அடுத்த சான்று காலவரிசை. எருசலேமுக்கு அருகே ராமத் ராஹேலில் பாரசீகர் ஆட்சிக்கால அரசத் தோட்டக் குளத்தின் சாந்துப் பூச்சில் சிட்ரன் மகரந்தம் கிடைத்தது. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தத் தடயத்தை ஆராய்ந்த தாஃப்னா லாங்குட், மேற்கு நோக்கி முதலில் பயணம் செய்த நாரத்தை இனம் சிட்ரன் என்றும், லெமன் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தது என்றும், புளித்தோடை, லைம், ஜம்போலா ஆகியவை கி.பி. 10ஆம் நூற்றாண்டளவில் முஸ்லிம்கள் மூலம் மத்தியதரைக் கரையை அடைந்தன என்றும் காட்டுகிறார். அல்மஸ்ஊதியின் குறிப்பும் இதனோடு இசைகிறது. நாரன்ஜும் உருண்டை உத்ருஜும் ஹிஜ்ரி 300க்குப் பின், அதாவது கி.பி. 912க்குப் பின், இந்தியாவிலிருந்து ஓமானுக்கும் பிறகு பஸராவுக்கும் ஷாமுக்கும் கொண்டுவரப்பட்டன என்றும், இந்தியாவில் இருந்த மணம் அங்கே அவற்றுக்கு இல்லாமற் போயிற்று என்றும் அவர் எழுதுகிறார். உருண்டை என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருந்ததிலிருந்தே, உருண்டையல்லாத பழைய உத்ருஜ் அரபுகளுக்கு முன்பே பழக்கமானது என்று கொள்ளலாம்.

மூன்றாவது சான்று சுவை பற்றியது. சிட்ரனின் சுளையும் பெரும்பாலும் புளிப்புத்தான். அப்படியானால் சுவை நன்று என்பது எப்படிப் பொருந்தும்? நபிவழி மருத்துவம் பற்றிய நூலில் இப்னுல் கையிம் (மறைவு 1350) உத்ருஜை நான்காகப் பிரித்து விளக்குகிறார்: மேல்தோல், சதை, புளிப்பு, விதை. சதை என்றும் புளிப்பு என்றும் அவர் தனித்தனியே சொல்வதைக் கவனிக்க வேண்டும். தேசிக்காயில் இப்படிப் பிரிக்க இடமே இல்லை. அவர் சதை என்பது தடித்த வெண்பகுதியை, புளிப்பு என்பது நடுச்சுளையை. அந்த வெண்சதையே பழத்தில் கடித்துத் தின்னும் பகுதி. கசப்பின்றி இலேசான இனிப்போடு இருக்கும். மேல்தோலைத் துணிகளிடையே வைத்தால் பூச்சி அரிக்காது என்றும் அவர் எழுதுகிறார். தியோபிராஸ்டஸுக்கும் அவருக்குமிடையே 1,600 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தும் இருவரும் ஒரே பழத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (மறைவு 1449), பழத்தின் பெரிய உருவம், அழகிய தோற்றம், மென்மை, கண்ணைக் கவரும் நிறம் ஆகியவற்றையும் உவமை பொருந்துவதற்குக் காரணங்களாகக் காட்டுகிறார். பெரிய உருவம் என்பதைத் தேசிக்காய்க்குச் சொல்ல வழியில்லை.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சூரா யூசுப் 31ஆம் வசனத்தில் பெண்களுக்குக் கத்தி கொடுக்கப்பட்ட இடத்தில் உத்ருஜ் பழம் பரிமாறப்பட்டதாகச் சில விரிவுரையாளர்கள் பொருள் கொண்டார்கள். புகாரி அக்கருத்தை ஏற்காமல், அங்குள்ள சொல் சாய்ந்துகொள்வதற்கான இருக்கையைக் குறிக்கிறது என்று வாதிட்டார். பாரசீகக் கதை மரபிலோ பழம் நிலைத்துவிட்டது. ஆகவே அந்த வசனத்தை இப்பழத்துக்குச் சான்றாகக் கொள்ளாமல் விடுவதே முறை. ஹதீஸும் முவத்தாவும் போதும்.

5. நம் கரையோரப் பெயர்கள்

இலங்கைத் தமிழர், முஸ்லிம்களின் பேச்சில் லைமுக்குத் தேசிக்காய், ஆரஞ்சுக்குத் தோடம்பழம் என்பன நிலைத்த பெயர்கள். சிங்களத்தின் தெஹி, தொடம் ஆகியவை இவற்றோடு ஒரே குடும்பம். ஒரு தீவின் இரு மொழிகள் பழங்களின் பெயரை நெருக்கமாகப் பகிர்ந்து வாழ்ந்திருக்கின்றன. கடல் வழி வந்த பெயர்களும் உண்டு: தமிழகத்துப் பம்பளிமாசு டச்சுக்காரரின் சொல். 1331இல் மொகதிஷுவில் இப்னு பதூதாவுக்குச் சோற்றுடன் எலுமிச்சை, மிளகு, இஞ்சி, மாங்காய் ஊறுகாய்கள் பரிமாறப்பட்டன. சோறும் புளிப்பு ஊறுகாயும் சேர்ந்த உணவு இந்துமாக்கடலின் இரு கரைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. பழமும் பெயரும் அந்தக் கடலில்தான் கைமாறின.

தமிழகத்தில் நிலைமை வேறு. அங்கே லைமுக்குப் பெயர் எலுமிச்சை. அங்குள்ள ஆங்கிலத்தில் அது லெமன். இலங்கை ஆங்கிலத்தில் அதே காய்க்குப் பெயர் லைம். தமிழகத்தில் அச்சான மார்க்க நூல்களைக் கல்முனையில் வாசிப்பவர் இந்த இடைவெளியைத் தாமே கடக்க வேண்டியிருக்கிறது.

சிட்ரனுக்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல: மாதுளங்கம், கொம்மட்டிமாதுளை, கடாரநாரத்தை, பொதுப்பெயராக நாரத்தை. மாதுளங்கம் வடமொழியின் மாதுலுங்கத்தோடு ஒத்தது. கோலாப்பூர் மகாலட்சுமி கையில் ஏந்தியிருப்பது அந்தப் பழமே. ஆயினும் தமிழ்க் காதுக்கு அப்பெயர் மாதுளையையே நினைவூட்டும். கடாரநாரத்தையில் உள்ள கடாரம் சோழர் வென்ற கெடாவைக் குறிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஒலி ஒற்றுமைக்கு மேல் அதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. நாரத்தை என்ற பெயரும் ஓர் இனத்தோடு நிற்பதில்லை. தமிழகத்தில் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும், வேப்பிலைக்கட்டி இடிக்கும் இலைக்கும் பயன்படும் மரங்களில் சாறு மிகுந்த கலப்பினங்களும் அடங்கும். எமானுவேல் பொனாவியா 1888இல் இந்தியா, இலங்கையின் நாரத்தை வகைகள் பற்றித் தனி நூல் எழுத நேர்ந்ததற்கு, ஊருக்கு ஊர் மாறும் இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

6. மாற்றுக் கருத்துகளை எடைபோடல்

எலுமிச்சை என்ற பெயர்ப்பை ஆதரிப்பவர்களின் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. உவமை என்பது கேட்பவர் அறிந்த பொருளால் அறியாததை விளக்குவது. அறியாத பழத்தின் பெயரைச் சொன்னால் உவமையே பயனற்றுப் போகும் என்று அவர்கள் வாதிடலாம். எலுமிச்சை சிட்ரனின் வழித்தோன்றல் என்பதும் அவர்களுக்குத் துணை. ஆனால் கேட்பவர் அறிந்த பொருளாக இருப்பது மட்டும் போதாது. உவமையில் சொல்லப்பட்ட குணம் அப்பொருளில் இருக்கவும் வேண்டும். சுவை நன்று என்பது தேசிக்காயில் பொருந்தாதபோது, கேட்பவர் அந்தச் சொல்லைப் பொருளின்றிக் கடந்துபோகிறார்.

ஆரஞ்சு என்ற பெயர்ப்பில் சுவையும் மணமும் பொருந்தும். ஆனால் இனிப்புத்தோடை மத்தியதரைக் கரையில் பரவியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில். 7ஆம் நூற்றாண்டு மதீனாவில் அதை வைப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது.

யூத மரபு இங்கே கவனிக்கத்தக்கது. அவர்கள் சுக்கோத் பெருநாளில் ஏந்தும் எத்ரோக் இதே சிட்ரன். பெயரும் உத்ருஜோடு உறவுடையது. லெமன் மரத்தில் ஒட்டுக்கட்டிய பழம் 16ஆம் நூற்றாண்டில் பரவியபோது அவர்களின் மார்க்க அறிஞர்கள் அதை ஏற்க மறுத்து, உண்மைப் பழத்தை அறிய அடையாளங்களை வகுத்தார்கள்: தடித்த சதை, குறைந்த சாறு, மேடுபள்ளமான தோல், நெடுக்குவாட்டில் அமைந்த விதை. சிட்ரனும் அதன் பிள்ளை லெமனும் ஒன்றல்ல என்பதில் அவர்கள் காட்டிய கவனம் நமக்கும் வேண்டியது.

7. முடிவு

உத்ருஜ் என்பது சிட்ரன். முவத்தாவின் விலைக் கணக்கு, நாரத்தை இனங்கள் மேற்கே சென்ற காலவரிசை, சதையையும் புளிப்பையும் தனியே பிரிக்கும் இப்னுல் கையிமின் விவரிப்பு ஆகிய மூன்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே பழத்தைச் சுட்டுகின்றன. தமிழில் அதற்கு நெருங்கிய பெயர் நாரத்தை. இன்னும் திட்டமாகச் சொன்னால் கடாரநாரத்தை. நாரத்தை என்ற பெயர் பல இனங்களைத் தழுவுவதால், உத்ருஜ் என்ற அரபுப் பெயரை அப்படியே வைத்து, தடித்த சதையுள்ள, மணம் மிகுந்த பெரிய நாரத்தைப் பழம் என்று ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்ற வழி. ஓதிக் கொடுக்கும் முஅல்லிம், தேசிக்காய் இதன் பிள்ளை என்று சேர்த்துச் சொன்னால் கேட்கும் பிள்ளைக்குப் பழக்கமான பொருளும் கைவிட்டுப் போகாது.

ஆங்கிலச் சொற்களின் வரலாறு இம்முடிவுக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வலுச் சேர்க்கிறது. கல்லுக்கு நிறம், அமிலத்துக்குப் புளிப்பு, புல்லுக்கு மணம் என்று அச்சொற்கள் பழத்தைக் கூறுபோட்டன. நபிமொழியோ அதற்கு மாறாகப் பழத்தை முழுமையாக எடுத்துக்கொள்கிறது. வெளியே பரவும் மணமும் உள்ளே இருக்கும் சுவையும் ஒன்றாயிருப்பதுபோல், நாவில் ஓதலும் நெஞ்சில் நம்பிக்கையும் ஒருவரிடம் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். புளிப்புச் சாறு ஒன்றே நினைவுக்கு வரும் பெயரை அங்கே வைப்பது இந்த முழுமையைக் குறைத்துவிடுகிறது.

செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் ஒலுவிலில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அரபு படித்தவர்களும் தாவரம் படித்தவர்களும் ஒரே கரையில் இருக்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமைவதில்லை. வீட்டு வளவுகளில் உள்ள நாரத்தை மரங்களின் ஊர்ப் பெயரையும், இலைக்காம்பின் அமைப்பையும், பழத்தின் வெட்டுமுகத்தையும் சேர்த்துப் பதிவுசெய்தால், நம் வட்டாரத்துக்கென்று நம்பத்தக்க ஒரு பழப்பெயர் அகராதி கிடைக்கும். அந்தப் பெயர்களைப் பேசும் மூத்த தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். மதீனாவில் அந்த உவமையைக் கேட்டவர்கள் பழத்தைக் கண்டும் முகர்ந்தும் தின்றும் அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகளும் அதன் பொருளை முழுதாக உணர வேண்டுமானால், எந்தப் பழம் என்பதையாவது அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.